மூன்று நாள் வகுப்பில் பாதுகாப்புக் கமராத் தொழில் படியுமா?

தலவாக்கலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: தம்பி உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். நகரத்தில் ஒரு நிறுவனம் கமரா, அலாரம், மின்பூட்டு எல்லாவற்றையும் பொருத்த மூன்றே நாளில் கற்றுக்கொடுத்து, சான்றிதழும் தருவதாக விளம்பரம் ஒட்டியிருக்கிறது. சேர்க்கலாமா? கற்றுக்கொண்டால் மலையகத்திலேயே பிழைக்க வழி உண்டா? அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே பழக முடியுமா?

மூன்று நாள் வகுப்பைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொழில் தம்பிக்குப் பிடிக்குமா என்று பார்க்க அது போதும். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டுச் சுவரில் துளை போட அவன் கிளம்பிவிடக் கூடாது. கமராவை மாட்டிப் படம் வரவைப்பதை ஒரு பிற்பகலில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். மாட்டி ஆறு மாதம் போன பிறகு, ஐப்பசி மழையில், இரவு ஒன்பது மணிக்குக் கடைக்காரர் கூப்பிட்டுப் படம் வரவில்லை என்று சொல்லும்போது முதலில் எங்கே கை வைப்பது என்று தெரிய வேண்டும். அதுதான் தொழில். பழுதைத் தேடத் தெரியாதவன் கடைசிவரை வயர் இழுக்கும் கூலியாளாகவே இருந்துவிடுவான்.

ஆகவே பணம் கட்டும் முன் தம்பியை அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சுவரில் பெரிய திரையும் வரிசையாக நாற்காலிகளும் மட்டும் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். பலகைகளில் பொருத்திய கமராக்கள், அலாரப் பெட்டி, பூட்டோடு கூடிய ஒரு மாதிரிக் கதவு, வெட்டி வெட்டிக் குட்டையாகிப் போன கேபிள் துண்டுகள், கேபிள் முனையை நெருக்கிப் பொருத்தும் தேய்ந்த கிரிம்பிங் கருவி இவையெல்லாம் கண்ணில் பட்டால் அங்கே யாரோ உண்மையாகவே பழகுகிறார்கள் என்று அர்த்தம். ஒரு பலகைக்கு எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். பயிற்றுவிப்பவர் வேண்டுமென்றே பழுது வைத்துக் கொடுத்து, மாணவனைத் தேடவிடுவாரா என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் இடத்தில் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் பெறுமதியுள்ளது தேசிய தொழிற்தகைமை, அதாவது நாம் எல்லோரும் சொல்லும் என்.வி.கியூ. ஏழு மட்டங்கள் கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்வது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. விளம்பரம் செய்த நிறுவனம் அதில் பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

என்னிடம் கேட்டால், தம்பி முதலில் மின்னியலாளர் பயிற்சியில் என்.வி.கியூ. மூன்றோ நான்கோ எடுக்கட்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம், கண்டியிலும் பதுளையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் என்று நம் பக்கத்தில் கேட்டுப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டே பழக நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் வழியாகப் பயிலுனராகச் சேரலாம். ஏற்கெனவே யாராவது பாஸிடம் கைவேலை பழகியவர்களுக்கு, முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை கொடுக்கும் முறையும் உண்டு. மின்சார அடிப்படை இல்லாமல் கமராவில் இறங்குபவன் 12 வோல்ட் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் 230 வோல்ட் இருப்பதை மறந்துவிடுவான். அது ஆபத்து.

இனி வீட்டிலேயே பழகுவது பற்றி. முடியும், பெரிய செலவும் இல்லை. ஒரு மூன்றடிப் பலகை, பாவித்த கமரா இரண்டு, படத்தைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியான டி.வி.ஆர். பழையது ஒன்று, 12 வோல்ட் மின்வழங்கி, கதவில் ஒட்டும் காந்த உணரி இரண்டு, கொஞ்சம் ரெசிஸ்டர் (மின்தடை), வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். கண்டியிலோ கொழும்பிலோ பழைய சாமான் கடைகளில் இவை கிடைக்கும். மல்டிமீட்டரை மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். கையில் மீட்டர் இல்லாமல் பழுது பார்ப்பவன் நாடி பிடிக்காமல் மருந்து எழுதும் வைத்தியன் போலத்தான்.

பலகையில் முதல் பாடமாக நான் கொடுப்பது இதுதான். சோடி சோடியாக முறுக்கிய செப்பு நரம்புகள் கொண்ட கேட் 5இ நெட்வர்க் கேபிளில் 50 மீட்டர் அளந்து சுருளாகவே வைத்துக்கொண்டு, ஒரு முனையில் 12 வோல்ட்டையும் மறுமுனையில் கமராவையும் ஒரே ஒரு சோடி நரம்பால் இணைக்கச் சொல்வேன். செப்பு நரம்பு மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம். போக ஐம்பது, வர ஐம்பது என்று நூறு மீட்டர் நரம்புக்கு 8.4 ஓம். பகலில் கமரா 0.2 ஆம்பியர் இழுத்தால் 1.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். கமராவுக்குப் போய்ச் சேர்வது 10.3 வோல்ட். பல கமராக்கள் அதில் முனகாமல் ஓடும். இப்போது அறையின் விளக்கை அணையுங்கள். கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், இழுவை 0.5 ஆம்பியருக்கு ஏறும், 4.2 வோல்ட் வழியில் போய்விடும். மிச்சம் 7.8. கமரா செத்துவிடும். செத்ததும் இழுவை நின்று வோல்ட் மீண்டும் ஏறும், கமரா உயிர்பெறும், இருட்டைக் கண்டு விளக்கைப் போடும், மறுபடி சாகும்.

பகலில் நன்றாக இருந்தது, இரவில் விட்டுவிட்டு வருகிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் பாதி வேளை விஷயம் இதுதான். தெரியாதவர்கள் கமராவை மாற்றுவார்கள், பிறகு டி.வி.ஆரை மாற்றுவார்கள், கடைசியில் கம்பனியைத் திட்டுவார்கள். தெரிந்தவன் கமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் முனையில், இருட்டில், வோல்ட்டை அளப்பான். கமரா இணைக்காத வெறும் வயரில் அளந்தால் எப்போதும் 12 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து ஏமாந்துபோனவர்கள் ஏராளம். தீர்வு எளியது: இன்னொரு சோடி நரம்பையும் சேர்த்து இழப்பைப் பாதியாக்கலாம், மின்வழங்கியைக் கமராவுக்குப் பக்கத்தில் வைக்கலாம், அல்லது நெட்வர்க் கமராவுக்குப் போய், படம் வரும் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பி.ஓ.ஈ. சுவிட்ச் போடலாம். அதில் மின்சாரம் 48 வோல்ட்டுக்குக் கிட்டப் போவதால் ஆம்பியர் குறைந்து இழப்பும் குறையும். நூறு மீட்டர் என்ற எல்லையை மட்டும் மீறக் கூடாது.

கேபிள் வாங்கும்போது கத்தியால் நரம்பைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செப்பு பூசிய அலுமினியம். செப்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை. மேலே சொன்ன கணக்கு முழுவதும் கெட்டுவிடும். வளைத்தால் முறியும், ஈரத்தில் சீக்கிரம் பொடிந்துபோகும். பெட்டியில் செப்பு என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். சுருளின் எடையே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி நம் மலைக்கே உரிய தொல்லைகளுக்கு வருகிறேன். வெளியிலிருந்து வரும் பயிற்சிக் கையேடுகள் எதிலும் இவற்றுக்கு ஒழுங்கான இடம் கிடையாது. கொழும்பில் பழகியவர்கள் நுவரெலியாவுக்கு வந்து தலையைச் சொறிவதும் இங்கேதான்.

முதலாவது பனிமூட்டம். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளையிலும் ஹட்டனிலும் பின்னேரம் நான்கு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும் நாட்கள் உண்டு. கமராவின் கண்ணைச் சுற்றியிருக்கும் அகச்சிவப்பு விளக்கு பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வரும். படத்தில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இதற்கு விலையுயர்ந்த கமரா மருந்தில்லை. உள்விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றைக் கமராவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வேறு கோணத்தில் மாட்டுங்கள். அல்லது வாசலில் சாதாரண மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு வண்ணப் படமாகவே எடுங்கள். அடர்ந்த மூட்டத்தில் இரண்டுமே தோற்றுப்போகும். அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்விளக்கை அணைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி கண்ணுக்கு முன்னாலேயே வலை பின்னும். காற்றில் வலை ஆடும்போதெல்லாம் முதலாளியின் போனுக்கு ஆள் நடமாட்டம் என்று செய்தி போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது ஈரம். நெட்வர்க் கமராவை வாங்கினால் பெட்டிக்குள் சிறிய பிளாஸ்டிக் உறையும் ரப்பர் வளையமும் ஒரு பையில் இருக்கும். கேபிள் முனையை நீர் புகாமல் மூடுவதற்கானது அது. முனையைக் கிரிம்ப் செய்வதற்கு முன்பே அதைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். கிரிம்ப் செய்த பிறகு நுழையாது. அவசரத்தில் கோக்க மறந்துவிட்டு, பையைப் பெட்டியோடு சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் முனையின் பொன்னிறக் கம்பிகளில் பச்சை பிடித்து, கமரா இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் ஆடி மழையில் இதைக் கண்ணாரக் காணலாம். கேபிள் கமராவுக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு சிறு தொய்வு விட வேண்டும்; நீர் வயர் வழியே வழிந்து பெட்டிக்குள் போகாமல் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். இணைப்புப் பெட்டியை மேற்பக்கமும் இருபக்கமும் அடையுங்கள், அடிப்பக்கத்தை அடைக்காதீர்கள். உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற வழி வேண்டும்.

மூன்றாவது இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை நமக்குப் பழக்கம். தோட்டங்களில் தொழிற்சாலை ஒரு மேட்டிலும் பங்களா இன்னொரு மேட்டிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே செப்புக் கேபிள் இழுத்து ஒரே பதிவுப் பெட்டியில் சேர்ப்பது சிக்கனமாகத்தான் தெரியும். எங்காவது பக்கத்தில் மின்னல் விழும்போது இரண்டு கட்டடங்களின் நிலமும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் சமனாகப் பார்க்கும் பாதை உங்கள் கேபிள்தான். இரு முனைகளிலும் உள்ள கருவிகள் கருகும். கட்டடத்துக்குக் கட்டடம் போகும்போது ஒளியிழை போடுங்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. இழுப்பதற்கும் இணைப்பதற்கும் தனியாகப் பழக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒளியிழை ஒட்டத் தெரிந்த இளைஞனுக்கு இணைய நிறுவனங்களிலும் வேலை உண்டு என்பதால் அந்தப் பழக்கம் வீண்போகாது. மின்வழியில் இடி தாங்கியும் போட வேண்டும், அதற்கு ஒழுங்கான நிலத்தொடுப்பும் (எர்த்) வேண்டும். நம் மண்ணில் இரண்டடி தோண்டினால் பாறை. ஒரு கம்பியை அடித்துவிட்டு நிலத்தொடுப்பு முடிந்தது என்று போகாமல், மீட்டர் வைத்து அளந்து, பத்து ஓமுக்குக் கீழே வரும்வரை கம்பிகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

ஏணியில் ஏறும் முன் கூரை விளிம்பைச் சுற்றிப் பார்க்கப் பழகட்டும். தேயிலை மலையில் குளவி கொட்டி ஆட்கள் இறப்பது புதிதல்ல. பங்களாக் கூரைக்கும் தொழிற்சாலைக் கூரைக்கும் அடியில் கூடு இருந்தால், துளைபோடும் இயந்திரத்தின் அதிர்வு ஒன்றே போதும்.

அலாரம் கமராவை விடப் பழைய கலை, கமராவை விட நுட்பமானதும்கூட. கதவு உணரியிலிருந்து அலாரப் பெட்டிக்கு இரண்டு வயர் வரும். அந்த வளையத்தின் முடிவில் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். பெட்டியைப் பொறுத்து 2.2 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் என்று மதிப்பு மாறும். பெட்டி எப்போதும் அந்தத் தடையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். கதவு திறந்தாலோ வயரை அறுத்தாலோ தடை முடிவிலியாகும், இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினால் பூச்சியமாகும். இரண்டையும் பெட்டி கண்டுபிடித்துவிடும். இத்தனை அழகான ஏற்பாட்டைக் கெடுப்பது எப்படி என்றால், உணரியிடம் போட வேண்டிய ரெசிஸ்டரை வசதிக்காகப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவது. வேலை செய்யும், சோதித்தாலும் தேறும். ஆனால் உள்ளாள் ஒருவன் பகலில் உணரியடியில் வயர்கள் இரண்டையும் முறுக்கிவிட்டால், இரவில் கதவு அகலத் திறந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. பழுது வைக்கும் பாடத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தம்பி பலகையில் ஒரு வளையம் செய்யட்டும், நீங்கள் அவன் பார்க்காமல் எங்காவது வயரை அறுத்தோ முறுக்கியோ வையுங்கள். பலகையைத் தொடாமல், பெட்டியடியில் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்து என்ன நடந்தது என்று அவன் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சிக்கு நீங்கள் எதையும் படித்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் குறும்பு இருந்தால் போதும்.

ஆள் நடமாட்டத்தை உணரும் கருவி வெப்ப வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. சுமார் 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில், வருபவன் அதை நோக்கி நேராக நடக்காமல் குறுக்கே கடக்கும்படி மாட்ட வேண்டும். சமவெளிக் கையேடுகள் வெயில் படும் ஜன்னலைத் தவிர்க்கச் சொல்லும். நம் பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பையும் தவிர்க்க வேண்டும். அணைந்த பிறகும் புகைபோக்கி வழியாகச் சூடும் குளிரும் மாறி மாறி வந்து நடுச்சாமத்தில் சைரனை எழுப்பும். இரண்டு முறை பொய்யாக அலறினால் வாச்சர் மூன்றாம் முறை எழுந்திருக்க மாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கதவுப் பூட்டில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்தினால் போதும். காந்தப் பூட்டு மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும். மின்சாரம் நின்றாலும் பூட்டியே இருக்கும் வகைகளும் உண்டு. ஆட்கள் வெளியேறும் வழியில் முதல் வகை, தீ அலாரம் அடித்ததும் தானாகவே விடுபடும்படி. பொருட்களை வைக்கும் அறையில் இரண்டாவது வகை, உள்ளேயிருந்து கைப்பிடியால் திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு. இதை மாற்றிச் செய்தால் ஆட்கள் வெந்து சாவார்கள். விரல் ரேகை இயந்திரம் பற்றி: தொழிற்சாலையிலும் மலையிலும் வேலை செய்கிறவர்களின் விரல்கள் தேய்ந்தும், கறைபட்டும், குளிரில் வெடித்தும் இருக்கும். வரவுப் பதிவுக்கு அதை விற்றுவிட்டு, இயந்திரம் ஏற்காதவர்களின் அரை நாள் பேரை, அதாவது கூலியை, வெட்டுவதற்குக் கருவியாகிவிடாதீர்கள். அட்டையும் சேர்த்தே கொடுங்கள்.

தீ அலாரத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன், அது தனிப் படிப்பு. பி.எஸ். 5839 என்ற பிரித்தானியத் தரநிலைதான் நம் நாட்டில் அதிகம் பேசப்படுவது. தட்டையான மேற்கூரையில் ஒரு புகை உணரிக்கு 7.5 மீட்டர் ஆரை, வெப்ப உணரிக்கு 5.3 மீட்டர். தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் அறையின் தூசியிலும் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் புகை உணரி நாள்தோறும் பொய் சொல்லும். அங்கே வெப்ப உணரி. மனத்தில் உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் விதவிதமாகக் கருவிகள் பொருத்துகிறோம். ஒரு வீட்டில் பிடித்த தீ மொத்த லயத்தையும், அந்த வரிசை வீடுகள் முழுவதையும், தின்றுவிடும் இடத்தில் ஒரு பட்டரி புகை உணரிகூட இல்லை. தம்பி பழகி முடித்ததும் முதல் வேலையாகச் சொந்த லயத்தில் வீட்டுக்கு ஒன்று மாட்டட்டும்; அடுப்படியைத் தவிர்த்து, படுக்கும் அறைப் பக்கம்.

கமராவுக்குத் திரும்புகிறேன், ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. "முகம் தெரியுமா?" என்பதுதான் எல்லாக் கடைக்காரரும் கேட்கும் கேள்வி. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தில் அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐ.ஈ.சி. 62676 தரநிலையின் அளவு. 2560 பிக்சல் அகலமுள்ள நான்கு மெகாபிக்சல் கமராவில் இது 10 மீட்டர் அகலக் காட்சிக்குச் சரி. எல்லோரும் மாட்டும் 2.8 மில்லிமீட்டர் கண் (லென்ஸ்) ஏறக்குறைய 100 பாகை விரிந்து பார்க்கும். நாலேகால் மீட்டர் தூரத்திலேயே காட்சி அந்த அகலத்துக்கு வந்துவிடும். அதற்கு அப்பால் நிற்பவரின் சட்டை நிறம் தெரியும், முகம் தெரியாது. 6 மில்லிமீட்டர் கண்ணாக இருந்தால் ஏறக்குறைய 11 மீட்டர் வரை போகலாம், ஆனால் காட்சி குறுகும். அதனால்தான் நகைக்கடையில் அகலமாக ஒன்று, வாசலில் முகத்துக்கென்று குறுகலாக ஒன்று என்று இரண்டு போட வேண்டும். விற்பனைக்காரர் காட்டும் மெகாபிக்சல் எண்ணைக் கண்டு மயங்காமல், நாடாவால் தூரத்தை அளந்து இந்தக் கணக்கைப் போடப் பழகியவனை யாரும் ஏமாற்ற முடியாது.

பொருத்தியாகிவிட்டது, இனி நிர்வாகம். மலையகத்தில் தம்பியின் மாத வருமானம் உண்மையில் இதிலிருந்துதான் வரும். புதிதாக மாட்டும் வேலை இன்று இருக்கும், நாளை இருக்காது. பராமரிப்பு ஒப்பந்தம் மாதம் தவறாமல் வரும்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். போகும்போதெல்லாம் பார்த்து எழுத வேண்டியவற்றில் முதன்மையானது நேரம். டி.வி.ஆரின் கடிகாரம் நாற்பது நிமிடம் பிந்தியிருந்தால், பொலிஸார் கேட்கும் காட்சியைத் தேடி எடுப்பதும் கஷ்டம், நீதிமன்றத்தில் அதைக் காப்பாற்றுவதும் கஷ்டம். ஒலி, ஒளிப் பதிவுகளையும் கணினிச் சாட்சியத்தையும் ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிவு எப்படி எடுக்கப்பட்டது, யார் கையில் இருந்தது என்ற கேள்விகள் எழும்போது உங்கள் கொப்பி பேசும்.

அடுத்தது எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்பது. கமரா ஒன்று செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். நான்கு கமராவுக்கு 86 சொச்சம். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். மாதக் கடைசியில் சரக்குக் கணக்குப் பார்க்கும் கடைக்காரருக்கு அது போதாது என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

பட்டரி. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு மின்கட்டமைப்பில் கைவைத்து நாட்டையே இருளாக்கியது நினைவிருக்கும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை மறந்திருக்க மாட்டோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பட்டரி ஒன்றில் இருப்பது 84 வாட்-மணி. அலாரப் பெட்டி 0.2 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். அதே அளவு பட்டரியுள்ள சிறிய யூ.பி.எஸ்ஸில் 40 வாட் கமராத் தொகுதியைப் போட்டால் ஒன்றரை மணித்தியாலம் வந்தாலே பெரிது. மீட்டரில் 13 வோல்ட் காட்டுவதைப் பார்த்துப் பட்டரி நலம் என்று எழுதாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, சுமையோடு அரை மணி ஓடவிட்டுப் பார்த்து எழுதுங்கள்.

கடவுச்சொல். 2016இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்தனுப்பிய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகமெங்கும் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையத் தளங்களை முடக்கியது. நம்மூரில் இன்னும் கடைக்குக் கடை ஒரே கடவுச்சொல்லைப் போட்டு வைக்கும் பழக்கம் போகவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறாக வைத்து, உறையிலிட்டு ஒட்டி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அவருடைய போனில் பார்க்க வழி செய்துவிட்டு, உங்கள் போனிலிருந்து அந்த இணைப்பை அழித்துவிடுங்கள். அடுத்தவர் வீட்டைப் பார்க்கும் வசதி நம் கையில் இருக்கவே கூடாது. தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்துவிட்டது. ஆட்கள் தங்கும் அறை, உடை மாற்றும் இடம், லயத்தின் வாசல் இவற்றை நோக்கிக் கமரா வைக்கச் சொன்னால், சொல்பவர் பெரிய துரையாக இருந்தாலும் முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

பிழைப்புக் கேள்வி. நுவரெலியா, எல்ல, பண்டாரவளைப் பக்கம் ஹோட்டல்களும் தங்குவிடுதிகளும், எல்லா நகரங்களிலும் நகைக்கடை, அடகுக் கடை, வங்கிக் கிளை, எரிபொருள் நிலையம், அதற்கு மேல் தோட்டங்கள். வேலை இருக்கிறது. பழுது என்றால் கொழும்பிலிருந்து ஆள் வர ஒரு நாள் ஆகிறது. பக்கத்தில் இருப்பவனுக்கு அதுவே பலம். தமிழும் சிங்களமும் பேசி, கையேட்டை ஆங்கிலத்தில் வாசிக்கவும் தெரிந்தால் போட்டிக்கு ஆள் குறைவு. வளைகுடாவுக்குப் போக நினைத்தால், துபாயில் சிரா என்ற அரச அமைப்பு பாதுகாப்புக் கருவி வேலையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. அங்கே தகுதித் தாள் கேட்பார்கள் என்பதால் என்.வி.கியூ.வை இங்கேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. தம்பிக்காகக் கேட்டீர்கள், உங்களுக்கே ஆர்வம் இருந்தாலும் தயங்க வேண்டாம். வளையம் பார்ப்பதற்கும் கிரிம்ப் செய்வதற்கும் பொறுமையான கைதான் வேண்டும்.

முதல் வேலையைத் தெரிந்தவர் கடையில், இரண்டு கமராவோடு தொடங்கட்டும். விலை எழுதும்போது கருவி, கேபிள், கூலி, ஏணி வாடகை, முதல் வருடப் பராமரிப்பு என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை எழுதினால், கடைக்காரர் பேரம் பேசும்போது முதலில் காணாமல் போவது செப்புக் கேபிள்தான்.